தெரிந்தெடுக்கும் சொல்லும் தெரிந்தெடுக்கும் உரிமையும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அரசாணைகளைக் கொண்டு எழுதலாம். தலைவர்களின் வாழ்க்கையைக் கொண்டும் எழுதலாம். சில வேளைகளில் ஒரு சிறு சொல்லைக் கொண்டும் எழுதலாம். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், இம்மலரைப் படிக்கவிருக்கும் இளைஞர்களுக்கு அத்தகைய சொல் ஒன்றின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். அச்சொல் ஆங்கிலத்தில் ‘ஆர்’ என்பது. தமிழில் ‘அல்லது’ என்போம்.

இத்துணைச் சிறிய சொல்லுக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு வேலைக்கான ஆங்கில விளம்பரத்தில், இந்தச் சான்றிதழ் ‘அல்லது’ அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றிருப்பதை, இரண்டும் வேண்டும் எனப் பொருள் கொண்டு, தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டுவிட்ட இளைஞர்களை நாம் அறிவோம். ஓர் இணைப்புச் சொல்லின் பொருள் விளங்காமையால் ஓராண்டு வீணாகின்றது. வயது வரம்பு கடந்துவிட்டால் வாய்ப்பே அற்றுப் போகின்றது. முதல் தலைமுறையாகக் கற்போர்க்கு இவ்விழப்பை ஈடுசெய்ய வேறு சொத்து இல்லை. ஆதலின் இச்சொல்லை நம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பித்து வந்தனர், இனி எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

நம் நாவில் உள்ள இலக்கணம்

இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கூறும் முறை தமிழர்க்குப் புதிதன்று. ஓகார இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் கூறும் ஆறு பொருள்களுள் ‘தெரிநிலை’ என்பது ஒன்று. நன்னூலாரும் ஓகாரத்தின் எட்டுப் பொருள்களுள் இதனைச் சேர்த்துள்ளார். வினாவை அறுவகையாகப் பிரித்தபோது, இதுவோ அதுவோ என ஐயுற்றுக் கேட்பதையும் அவர் தனி வகையாகவே வைத்தார். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’ என்றும், ‘தெரிந்து தெளிதல்’ என்றும் இரண்டு அதிகாரங்கள் இருத்தல் யாவரும் அறிந்ததே.

எழுதப் படிக்க அறியாத நம் மூதாட்டியரும் இவ்விலக்கணத்தைப் பிழையின்றி ஆளுகின்றனர். ‘இன்றாவது நாளையாவது வந்து போ’ என்கின்றனர். ‘மழை வருமோ வராதோ’ என்கின்றனர். ‘அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை’ என்று வருந்துகின்றனர். ‘குடையை எடுத்துக்கொள், இல்லையேல் நனைவாய்’ என எச்சரிக்கின்றனர். ‘அவனிடம் போய் நிற்பதைக் காட்டிலும் பட்டினி கிடப்பேன்’ எனத் தன்மானத்தோடு கூறுகின்றனர்.

இவ்வைந்து வாக்கியங்களுக்கும் ஆங்கிலத்தில் ஐந்து அமைப்புகள் உள்ளன. முதலாவதற்கு ‘ஈதர் – ஆர்’. இரண்டாவதற்கு ‘வெதர் – ஆர்’. மூன்றாவதற்கு ‘நீதர் – நார்’. நான்காவதற்கு ‘ஆர் எல்ஸ்’ அல்லது ‘அதர்வைஸ்’. ஐந்தாவதற்கு ‘உட் ராதர் – தான்’. நம் மாணவன் புதிதாக அறிய வேண்டுவது சொற்களையும் அவை நிற்கும் இடத்தையுமே ஆகும். பொருள் அவன் வீட்டிலேயே இருக்கின்றது. பிழைகளும் பெரும்பாலும் வீட்டு வழக்கிலிருந்தே பிறக்கின்றன. தமிழில் ‘அண்ணனும் வரவில்லை, தம்பியும் வரவில்லை’ என எதிர்மறை இருமுறை வருதலால், ஆங்கிலத்திலும் ‘நீதர்’, ‘நார்’ என்பவற்றோடு ‘நாட்’ என்பதையும் சேர்த்துவிடுகின்றான். எதிர்மறை அவ்விரு சொற்களுள்ளேயே அடங்கியிருப்பதைக் காட்டிவிட்டால் பிழை நீங்கிவிடும். தமிழ் வினாவில் ‘இன்று போகிறாயா, நாளை போகிறாயா’ என வினைச்சொல்லை இருமுறை கூறுகின்றோம். ஆங்கிலத்தில் வினையை ஒருமுறை கூறி, வேறுபடும் சொற்களின் இடையில் மட்டும் ‘ஆர்’ இட்டால் போதும்.

இங்ஙனம் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்பித்தலின் நன்னெறி. ஆனால், நம் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட வரலாறு நெடுங்காலம் இந்நெறியில் செல்லவில்லை.

பாடநூல் வழியே வந்த இலக்கணம்

1835-இல் மெக்காலே தம் குறிப்பினை எழுதினார். 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை, பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிகோலியது. அன்று ஆங்கிலம் அரசுப் பணிக்கும் நீதிமன்றத்திற்கும் உரிய மொழியாக இருந்தது. அதனைக் கற்பித்த பள்ளிகள் பலவற்றில் நம் மக்களுக்கு இடமில்லை. சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனியே ஆணை பிறப்பித்தது 1893-இல்தான். கர்னல் ஆல்காட் அடையாற்றில் பஞ்சமர்க்கான இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894-இல். கிறித்தவ மிஷன் பள்ளிகள் அவற்றிற்கு முன்பே பல ஊர்களில் கதவைத் திறந்திருந்தன.

உள்ளே நுழைந்த பின்னர் நம் முன்னோர் கண்டது என்ன? இந்தியாவில் கல்வித் துறையில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டு என்பார் எழுதிய ஆங்கில இலக்கண நூல் 1898-இல் வெளிவந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதனைப் பயின்றனர். 1930-களில் ரென், மார்ட்டின் இருவரும் எழுதிய நூல் அதனோடு சேர்ந்துகொண்டது. இன்றும் அது அச்சாகி விற்கின்றது. சம நிலையில் உள்ள வாக்கியங்களை இணைக்கும் சொற்களை இம்மரபு நால்வகையாகப் பிரிக்கும்: கூட்டிக் கூறுவன, முரண்பட்டுக் கூறுவன, விகற்பித்துக் கூறுவன, விளைவைக் கூறுவன. ‘ஆர்’ விகற்பித்துக் கூறும் வகையைச் சார்ந்தது.

இப்பகுப்பில் பிழையொன்றுமில்லை. ஆசிரியர்க்கு இது மிகவும் பயன்படுவது. ஆயினும், வகுப்பறையில் நிகழ்ந்தது யாதெனின், விதியை மனப்பாடம் செய்தல், எடுத்துக்காட்டை எழுதிக்கொள்ளுதல், இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்குதல் என்பனவே. ‘விகற்ப இணைப்புச் சொல் என்றால் என்ன’ என்ற வினாவிற்கு விடை எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவன், இரயில் நிலையத்தில் ‘எந்த வண்டியில் செல்வது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி கேட்க இயலாது நின்றான்.

விடுதலைக்குப் பின்னர் இக்குறையைப் போக்க ஒரு பெருமுயற்சி நிகழ்ந்தது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியின் மூலம் பழக்கப்படுத்தும் ‘கட்டமைப்பு முறை’ சென்னை மாநிலத்தில் புகுத்தப்பட்டது. 1950-களின் இறுதியிலும் 1960-களின் தொடக்கத்திலும், ஆங்கிலத்தைத் தொடக்க நிலையில் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கும் இயக்கம் நடைபெற்றது. முதலில் சிலர் பயின்று, அவர்கள் பலரைப் பயிற்றுவித்து, அப்பலர் மேலும் பலரைப் பயிற்றுவிக்கும் ஏற்பாடு அது. உருண்டு உருண்டு பெருக்கும் பனிப்பந்தோடு ஒப்பிட்டு அதற்குப் பெயரிட்டனர். அட்டவணையில் உள்ள சொற்களை மாற்றி மாற்றி வாக்கியம் அமைக்கும் முறை ஊர்தோறும் பரவியது. மாணவர்களின் நா திருந்தியது. வாய்விட்டுப் பேசும் துணிவும் ஓரளவு வந்தது. எனினும், ‘தேநீர் அல்லது காப்பி’, ‘பேனா அல்லது பென்சில்’ என்று வகுப்பே சேர்ந்து ஒலித்தபோது, எவனுக்கும் தேநீரும் வேண்டியதில்லை, காப்பியும் வேண்டியதில்லை. தெரிந்தெடுக்கும் வாக்கியம் இருந்தது; தெரிந்தெடுத்தல் இல்லை.

இக்குறையை நேரடியாக எதிர்கொண்டவர் பேராசிரியர் என்.எஸ். பிரபு ஆவார். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் பெங்களூர், சென்னை முதலிய இடங்களில், சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில், அவருடைய வழிகாட்டலில் ஒரு புதிய சோதனை நடைபெற்றது. இலக்கணப் பாடத்திட்டம் என ஒன்றை அவர் முன்வைக்கவில்லை. மாணவர்க்கு ஒரு சிக்கலைத் தந்தார். இரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இன்ன நேரத்திற்குள் இன்ன ஊர் சேர வேண்டியவர் எவ்வண்டியில் ஏற வேண்டும் என்று கேட்பது அத்தகைய சிக்கல்களுள் ஒன்று. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் ஒரு சிக்கலைப் பேசித் தீர்ப்பார். பின்னர் அதையொத்த வேறொன்றை ஒவ்வொரு மாணவனும் தானே தீர்ப்பான். விடை சரியா என்பதே முதற் கேள்வி. மனம் பொருளில் ஆழ்ந்திருக்கையில் மொழியமைப்பு தானே படியும் என்பது அவர் கொள்கை. கொடுக்கப்பட்ட செய்திகளிலிருந்து எண்ணி ஒரு முடிவுக்கு வரும் பணிகளே வகுப்பறைக்கு மிகவும் ஏற்றவை என அவர் கண்டார். 1987-இல் இம்முயற்சியை நூலாக வெளியிட்டார். உலகெங்கும் மொழியாசிரியர்கள் அதனைப் படிக்கின்றனர்.

இம்முறையில் பயின்றோரையும் வழக்கமான முறையில் பயின்றோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்களும் உண்டு. முடிவுகள் பொதுவாகப் புதிய முறைக்கு ஆதரவாகவே இருந்தன. ஆயினும், வாக்கிய அமைப்பை மட்டும் சோதிக்கும் தேர்வில் வழக்கமான முறையில் பயின்றோரே மேம்பட்டனர். நம் பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்வுகளிலும் போட்டித் தேர்வுகளிலும் அமைப்பும் கேட்கப்படுகின்றது. ஆதலால், ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் தள்ளுதல் நமக்கு ஏற்றதன்று. முதலில் முடிவெடுக்கும் பணி, அதன்பின் அதிலிருந்தே விதி என்னும் வரிசையே நமக்கு ஏற்றது என்பது நம் துணிபு.

இதனை வெறும் கற்பித்தல் முறை பற்றிய கருத்தாக மட்டும் நாம் கூறவில்லை. ‘அல்லது’ என்னும் சொல் நம் சமுதாயத்தின் வரலாற்றில் எவ்வாறெல்லாம் ஒலித்தது என்பதைக் கண்டால், நம் பிள்ளைகள் அதனைப் பொருளோடு கற்க வேண்டியதன் காரணம் விளங்கும்.

நம் வரலாற்றில் அச்சொல்

முதலில் நம் முன்னோர் கேட்டது ‘இல்லையேல்’ என்னும் மிரட்டலையே. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். உழைப்போர் குடியிருந்த மனையும் மிராசுதாரின் உரிமை என்று கொள்ளப்பட்டதால், அவருக்கு மாறாக நடந்தவர் குடிசையையும் இழக்க நேரும் என்பதை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. ‘கொடுத்த கூலிக்கு வேலை செய், இல்லையேல் மனையைக் காலி செய்’ என்பதே அந்நிலையின் சாரம். இவ்வாக்கியத்திலும் இரண்டு வழிகள் இருப்பதாகத் தோன்றும். இரண்டாவது வழி அழிவாக இருக்கையில், அதனைத் தெரிவு எனக் கூறுதல் பொருந்துமா? இவ்வறிக்கையைத் தொடர்ந்து, ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் அரசாணை 1892-இல் வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவது அதனையே. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தாலன்றி ‘மாட்டேன்’ என்று கூற இயலாது என்பதை அவ்வாணை மறைமுகமாக ஒப்புக்கொண்டது.

அடுத்து 1924. சென்னைச் சட்டமன்றத்தில் இராவ்பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். எந்த வகுப்பை அல்லது சமுதாயத்தைச் சேர்ந்தவரும் எந்த நகரிலும் அல்லது சிற்றூரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு அல்லது பாதையில் நடப்பதற்குத் தடையில்லை. பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றையும் பிறரைப் போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அதே ஆண்டு செப்டம்பரில் அது அரசாணையாக வெளியிடப்பட்டது.

இத்தீர்மானத்தில் வரும் ‘அல்லது’ எத்தகையது என்பதை இளைஞர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ‘சாலை அல்லது தெரு அல்லது பாதை’ என்றால், மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்பது பொருளன்று. எதனையும் விடவில்லை என்பதே பொருள். சாலை திறந்துவிடப்பட்டது, தெருவைப் பற்றி ஆணையில் ஒன்றுமில்லை என்று எவரும் வாதிடாதபடி வழியை அடைப்பதற்கே இச்சொல் இடப்பட்டது. சட்ட மொழியில் ‘ஆர்’ ஒரு காவலாளியைப் போல நிற்கின்றது. சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு மனிதனின் வழக்கே மாறிவிடும் என்பது அப்பணியில் உள்ளோர் அறிந்த ஒன்று.

1950 சனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவும் இத்தகைய ஆட்சியையே கொண்டுள்ளது. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றை அடுக்கிவிட்டு, ‘அல்லது இவற்றுள் எதனையும்’ காரணமாகக் கொண்டு அரசு வேறுபாடு காட்டலாகாது என்று முடிகின்றது. இப்பட்டியலின் இறுதியில் நிற்கும் ‘ஆர்’ என்னும் சிறு சொல் கோடிக்கணக்கான மக்களுக்கு அரணாகும்.

இவ்விரண்டிற்கும் இடையே 1930 முதல் 1932 வரை நிகழ்ந்தவை நம் வரலாற்றின் மிகக் கடினமான தெரிவு எனலாம். இலண்டனில் 1930 நவம்பரில் தொடங்கிய முதல் வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கரும் சீனிவாசனாரும் ஒடுக்கப்பட்டோர் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு கோரிக்கை அறிக்கையை அளித்தனர். தனித் தொகுதியா, கூட்டுத் தொகுதியா என்னும் வினாவிற்கு அவர்கள் ஒரே சொல்லில் விடையளிக்கவில்லை. முதல் பத்தாண்டுகள் தனித் தொகுதி; அதன்பின் இட ஒதுக்கீட்டுடன் கூட்டுத் தொகுதி. ஆனால், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை உடன் வந்தாலன்றி, கூட்டுத் தொகுதியைத் தம் மக்களின் விருப்பத்திற்கு மாறாகச் சுமத்தலாகாது என்றும் எழுதினர். ‘இது அல்லது அது’ என்ற வினாவிற்குக் காலத்தையும் நிபந்தனையையும் இணைத்து விடை கூறும் ஆற்றலை இங்குக் காண்கின்றோம். ‘அன்லெஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கற்பிக்க இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

நம் தலைவர்கள் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். ஆசிரியராக இருந்து பொதுவாழ்விற்கு வந்த எம்.சி. ராஜா, 1932-இல் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்து, கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான வகுப்புத் தீர்ப்பு ஒடுக்கப்பட்டோர்க்கு 71 தனித் தொகுதிகளை அளித்தது. செப்டம்பர் 20-இல் காந்தியடிகள் எரவாடா சிறையில் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஒருபுறம் மக்களின் அரசியல் உரிமை, மறுபுறம் காந்தியடிகளின் உயிர் என அம்பேத்கரின் முன் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. இரண்டில் எதனை இழந்தாலும் பழி அவர்மேலேயே விழும். செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் தனித் தொகுதி நீங்கியது. ஒதுக்கப்பட்ட இடங்கள் 148 ஆயின. சென்னை மாகாணத்திற்கு மட்டும் 18 என்றிருந்தது 30 ஆயிற்று. சீனிவாசனாரும் ராஜாவும் அதில் கையொப்பமிட்டனர். பெற்றது மிகுதியா, இழந்தது மிகுதியா என்னும் வாதம் இன்றும் ஓயவில்லை. இளைஞர்கள் இரு பக்கத்தையும் படித்துத் தாமே முடிவுக்கு வருதல் வேண்டும். நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒன்றே: பிறர் நம்முன் இரண்டு வழிகளை வைக்கும்போது, மூன்றாவது உண்டா என்று கேட்கவும், கிடைப்பதை எண்ணிக்கையிலும் எழுத்திலும் உறுதி செய்துகொள்ளவும் நம் தலைவர்கள் அறிந்திருந்தனர். அதற்கு அவர்களுக்கு மொழி துணைநின்றது.

அன்றாட முடிவுகளே பாடம்

இனி வகுப்பறைக்கு வருவோம். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்க முன்வரும் பட்டதாரி இளைஞர்களுக்கு ஒரு பாடத்தை விரித்துக் கூறுகின்றோம்.

கரும்பலகையில் இவ்வாறு எழுதுக. மாவட்டத் தலைநகரில் காலை 10 மணிக்கு நேர்காணல். பயணிகள் இரயில் 6.30-க்குப் புறப்பட்டு 8.45-க்குச் சேரும், கட்டணம் 20 ரூபாய், நிலையம் நம் ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர். முதற் பேருந்து 7.15-க்குப் புறப்பட்டு 9.40-க்குச் சேரும், கட்டணம் 45 ரூபாய், ஊர் முனையிலேயே நிற்கும். இரண்டாம் பேருந்து 8 மணிக்குப் புறப்பட்டு 10.25-க்குச் சேரும். எதில் செல்வது?

முதலில் பிள்ளைகள் தமிழிலேயே வாதிடட்டும். இரண்டாம் பேருந்து ஆகாது என்பது உடனே தெரிந்துவிடும். எஞ்சியவை இரண்டு. இப்பொழுது ஆசிரியர் ‘ஈதர் தி டிரெயின் ஆர் தி ஃபர்ஸ்ட் பஸ்’ என்று பலகையில் எழுதினால், அதன் பொருளை எவனுக்கும் விளக்க வேண்டியதில்லை. அடுத்து நிலைமையை மாற்றுக. விடியற்காலையில் மழை பெய்கின்றது. இரயில் நிலையத்திற்கு எவ்வாறு செல்வது? ‘சைக்கிள் இருந்தாலன்றி’ என்று ஒருவன் தொடங்குவான். அங்கே ‘அன்லெஸ்’ வந்து சேரும். முழங்கால் வலியுள்ள தாயும் உடன் வருகின்றார் என்க. ‘நடப்பதைக் காட்டிலும் கூடுதலாக 25 ரூபாய் கொடுப்பேன்’ என்று ஒரு சிறுமி கூறுவாள். ‘உட் ராதர்’ அவளுக்குச் சொந்தமாகிவிடும். முதற் பேருந்து பழுதடைந்து, இரயிலும் போய்விட்டது என்றால், ‘நீதர் – நார்’ தானே பிறக்கும். அதற்கு மேல், அலுவலகத்திற்குத் தொலைபேசியில் செய்தி சொல்லும் மூன்றாவது வழியும் பிறக்கும்.

முடிவு எட்டிய பின்னரே விதியைக் கூறுக. ‘ஈதர்’, ‘ஆர்’ இரண்டின் பின்னும் ஒரே வகையான சொற்கள் நிற்க வேண்டும். ஒன்றின்பின் பெயர் நின்றால் மற்றதன்பின்னும் பெயரே நிற்க வேண்டும். எழுவாய்கள் இரண்டும் எண்ணில் வேறுபட்டால், வினை தன்னை அடுத்து நிற்கும் எழுவாயைத் தொடரும். ஒலிக்கும் முறையையும் கற்பிக்க வேண்டும். ‘டீ ஆர் காஃபி’ என்று கேட்கையில் முதற் சொல்லில் குரல் ஏறி, இரண்டாவதில் இறங்கினால், இரண்டில் ஒன்றைக் கூறு என்பது பொருள். இரண்டிலும் குரல் ஏறினால், ஏதேனும் அருந்துகிறாயா என்பதே கேள்வி. ‘ஆம்’ அல்லது ‘வேண்டாம்’ என்று விடை கூறலாம். நேர்காணலில் இவ்வேறுபாடு அறியாது திகைத்து நிற்போர் உண்டு.

இரண்டாவது பாடமாகப் பத்தாம் வகுப்பிற்குப் பின் என்ன என்பதை வைக்கலாம். மேல்நிலைக் கல்வி இரண்டு ஆண்டுகள், பாலிடெக்னிக் பட்டயம் மூன்று ஆண்டுகள், அதனை முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழியுண்டு, ஐ.டி.ஐ. படிப்பு குறுகிய காலத்தில் தொழில் தருவது. ஒவ்வொரு மாணவனும் தன் குடும்ப நிலை, விருப்பம், மதிப்பெண் ஆகியவற்றை எண்ணி, தெரிவையும் காரணத்தையும் ஆங்கிலத்தில் ஐந்து வரிகளில் எழுதட்டும். பின் அதனைப் பெற்றோரிடம் தமிழில் விளக்கிக் கூறட்டும். பெண் பிள்ளைகள் எழுதியதைத் தனிக் கவனத்தோடு படிக்க வேண்டும். ‘படிப்பதோ திருமணமோ’ என்று வீட்டில் முடிவாகும் வேளையில், அம்முடிவில் தன் குரலும் உண்டு என்பதை அவள் அறிவதற்கு இப்பாடம் ஒரு தொடக்கமாகலாம்.

மூன்றாவது பாடம் விண்ணப்பப் படிவம். ‘பொருந்தாததை அடித்துவிடுக’ என்று இருப்பதைச் சரியாக அடிக்கப் பயிற்சி தருக. வேலை விளம்பரங்களைச் சேகரித்து, ‘அண்ட்’ வரும் இடங்களில் சிவப்புக் கோடும், ‘ஆர்’ வரும் இடங்களில் நீலக் கோடும் இடச் செய்க. எனக்குத் தகுதி உண்டா, இல்லையா என்று ஒவ்வொருவனும் காரணத்தோடு கூறட்டும். இக்கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய இழப்பு நம் தெருவில் இனி நேராதிருக்க இதுவே வழி.

மதிப்பெண் இடுகையில், முடிவும் அதற்குரிய காரணமும் தெளிவாக இருந்தால் முதலில் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பின்னரே எழுத்துப் பிழையையும் இலக்கணப் பிழையையும் திருத்துங்கள். தன் எண்ணம் மதிக்கப்பட்டதை உணர்ந்த மாணவன் திருத்தத்தை அவமானமாகக் கருதான். நம் பிள்ளைகளுக்கு இது மிகவும் வேண்டுவது.

இளைஞர்களுக்கு

ஆங்கிலம் உயர்ந்தோர் மொழி என்பதாலோ, அதனைப் பேசுவோர் அறிவாளிகள் என்பதாலோ இதனைக் கற்கச் சொல்லவில்லை. நம் உரிமைகள் எழுதப்பட்ட ஆவணங்கள் பல அம்மொழியில் உள்ளன. நமக்கு வாய்ப்பளிக்கும் வாயில்கள் பலவற்றின் அறிவிப்புகளும் அம்மொழியில் உள்ளன. அவற்றைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்பவன், பிறர் சொன்ன பொருளுக்குக் கட்டுப்பட்டவன். தானே படிப்பவன், ‘இங்கே அல்லது என்றுதானே உள்ளது’ என்று விரலை வைத்துக் காட்டிக் கேட்பான்.

‘இல்லையேல்’ என்று மிரட்டப்பட்ட ஒரு மக்கள், எவரையும் விடாத ‘அல்லது’ என்பதைச் சட்டத்தில் எழுதச் செய்தனர். அதன் பயனாய்க் கிடைத்த தெரிந்தெடுக்கும் ‘அல்லது’ இன்று நம் பிள்ளைகளின் கையில் உள்ளது. வாரத்தில் ஒரு மாலை, பேருந்துக் கால அட்டவணை ஒன்று, பழைய விண்ணப்பப் படிவங்கள் சில, ஒரு கரும்பலகை, பொறுமையுள்ள ஒரு பட்டதாரி ஆகியன இருந்தால் இவ்வகுப்பைத் தொடங்கிவிடலாம். வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இவ்வகுப்பில் பயின்றவர்களே அம்மலரை எழுதுவார்களாக. சங்கம் வாழ்க! நம் கல்வி வளர்க!